நீளமான லென்ஸ் வேண்டாம் என்றார்

என் கணவருக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ. பிழைப்பு கல்யாண வீடுகளில். ஆசையெல்லாம் பறவைகள் மேல். ஏரி நிரம்பிவிட்டால், மாப்பிள்ளை அழைப்பில் நிற்கும்போதுகூட அவர் கண் வானத்தில்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

அறுபதுகளின் கடைசியில், ஒரு மார்கழியில், லென்ஸ் வாங்க மெட்ராஸ் போனோம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று முழங்கை நீளம். அதை மாட்டிப் பார்த்ததும் எதிர் மாடிப் புறா என் மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இது இருந்தால் இவர் கரையில் நின்றபடியே எடுக்கலாம், தண்ணீரில் இறங்க வேண்டாம். இவருக்கு நீச்சல் தெரியாது.

"இதையே வாங்கிடுங்க," என்றேன்.

என் கணவர் அதில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இருட்டடிக்குதுமா. காலை வெளிச்சத்துல ஒண்ணும் வுழாது. இந்த கனத்தைத் தூக்கிக்கினு நின்னா கை ஆடும், படம் கலங்கிடும்." சின்னதை மாட்டினார். "இது பளிச்சுனு இருக்குது. நாலடி கிட்ட போனா ஆச்சு. காலு எதுக்கு இருக்குது?"

கடைக்காரர் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குக் கிளம்பினார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். கூழைக்கடாக்கள் தூரத்தில் கூட்டமாக மிதந்தன. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் தண்ணீர்தான். நிற்பார், எடுப்பார், போதாமல் இன்னும் கொஞ்சம் நகர்வார். சின்ன லென்ஸில் பறவை புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும்.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஊர்க்காரர் ஒருவர் என்னருகில் நின்றார். "யாருமா அது? கோடையில வயலுக்கு வண்டல் வெட்டின எடமாச்சே! தண்ணிக்குள்ள பள்ளம் பள்ளமா கெடக்குது."

வெயில் காலத்தில் அங்கே வண்டி வண்டியாக மண் அள்ளுவதை நானும் பார்த்திருக்கிறேன். இப்போது ஏரி எல்லாவற்றையும் மட்டமாக மூடியிருந்தது.

"ஏங்க! வந்துடுங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, ஒரு கையைப் பின்னால் நீட்டி, கத்தாதே என்று அடக்கினார். பறவைகள் பறந்துவிடுமாம். பறவைகள் அசையவே இல்லை. அவர்தான் இன்னும் ஓரடி எடுத்து வைத்தார்.

ஊர்க்காரர் நீந்திப் போய் இழுத்து வந்தபோது உயிர் இல்லை. கழுத்தில் கேமரா அப்படியே தொங்கியது.

இத்தனை வருஷம் கழித்தும் அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. கரையில் நின்றே எடுத்திருக்கலாம். படம் இருட்டாகத்தான் விழுந்திருக்கும். விழுந்துவிட்டுப் போகட்டுமே.