அடிக்கயிற்றுக்குக் கீழே போன இறால்கள்

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். மணப்பெண்ணின் மருதாணி, மாப்பிள்ளையின் மோதிரம், தாலிச் சரட்டின் முடிச்சு இவற்றையெல்லாம் நெருங்கி எடுப்பதற்காக ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். ஒரு நாள் அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கொழுப்பு என்பதே சரி. கேமராவை உள்ளே வைத்து மூட ஒரு ஹவுசிங், அதன் முகப்புக்குக் கண்ணாடி, இரண்டு விளக்கு, முழங்கை நீளத்தில் ஒரு குட்டி ட்ரைபாட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எங்கே இறங்குவது என்று யோசிக்கவே இல்லை. நான் பிறந்தது சுண்ணாம்புக்குளம் பக்கம், என் அக்காவைக் கொடுத்தது தோணிரேவுக்குப் பக்கத்துக் குப்பத்தில். கடலோடு சேர்ந்த எங்கள் உப்பு ஏரி இருக்க வேறு இடம் எதற்கு?

எங்கள் ஏரித் தண்ணீர் கலங்கல். முழங்கால் ஆழத்தில் நின்றால் சொந்தப் பாதம் தெரியாது. ஆனால் மேக்ரோவுக்கு அந்தக் கவலை இல்லை. லென்ஸுக்கும் எடுக்கிற பொருளுக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர்கூடக் கிடையாது, அதற்குள் எவ்வளவு சேறுதான் இருந்துவிடும்? ஒரே ஒரு சங்கடம், எந்த லென்ஸ் என்பதைக் கரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தண்ணீருக்குள் கழற்றி மாட்ட முடியாது. மேக்ரோவை மாட்டிக்கொண்டு இறங்கினால் உள்ளங்கை அளவு இடம்தான் தெரியும். பக்கத்தில் ஆள் மூழ்கினாலும் தெரியாது.

அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, என்னைப் பஞ்சாயத்தாரிடம் கூட்டிக்கொண்டு போய் அனுமதி கேட்டார். எங்கள் பக்கம் ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார்தான் வலை கட்டலாம் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்த அன்று அந்த இடம் அந்த வீட்டுக்கு மட்டும்தான். கழி ஊன்றி, ஈயம் கட்டிய அடிக்கயிறு சேற்றில் படியும்படி வலையை நிறுத்துவார்கள். தண்ணீர் வற்றும்போது கூடவே போகிற இறால் அதில் மாட்டும். அடுத்தவன் பாடு வலையில் கை வைத்தவனுக்கு அவனுடைய அடுத்த பாடு போய்விடும்.

"படம் எடு, வேணான்னு சொல்லல. பாடு வலைகிட்ட மட்டும் போவாத. உங்க மாமா வலையா இருந்தாலும் சரி" என்றார் ஒருவர்.

"எனக்குத் தெரியாதாண்ணே, நானும் இந்தத் தண்ணியிலதான பொறந்தேன்" என்றேன். வாய் மட்டும் நன்றாக இருக்கும் எனக்கு.

மார்கழியில், மழைத் தண்ணீர் அடங்கி இறால் கிளம்பும் நேரத்தில் மாமாவுக்குப் பாடு விழுந்தது. விடிந்ததும் வலை கட்டிவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார். நான் கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில், மூச்சை அடக்கி அடக்கி முங்கிக்கொண்டிருந்தேன். வற்றத்தில் கடல் பக்கம் ஓடுகிற தண்ணீர் என்னை இழுத்தது. மேக்ரோவில் கை துளி அசைந்தாலும் படம் பாழ். ஃபோகஸ் படுகிற இடம் ஒரு அரிசி கனம் இருந்தால் அதிகம். எதையாவது பிடித்துக்கொண்டால் தேவலை என்று தேடினேன். மாமாவின் அடிக்கயிறு கையில் தட்டுப்பட்டது.

ட்ரைபாடின் ஒரு காலை அந்தக் கயிற்றுக்கு அடியில் செருகினேன். கேமரா ஆணி அடித்த மாதிரி நின்றது. திரையில் பார்த்தேன். கயிறு சேற்றைவிட்டு இரண்டு விரல் உயர்ந்திருந்தது. அந்தச் சந்து வழியாக ஒரு வெள்ளை இறால் வந்தது. விளக்கு பட்டதும் அதன் கண் இரண்டும் கனல் மாதிரி சிவந்தன. மீசையால் கயிற்றைத் தடவிப் பார்த்து, குனிந்து, வெளியே போனது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. இரண்டாவது இறாலிலேயே தெரிந்துவிட்டது, அக்கா வீட்டுப் பாடு என் லென்ஸுக்கு முன்னால் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று. ட்ரைபாட் காலை உருவியிருக்கலாம். இன்னும் ஒரு ஷாட், இன்னும் ஒரு ஷாட் என்று தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி மறுபடி முங்கினேன். கடைசியில் காலை உருவியபோது பக்கத்துக் கழியும் ஆடிச் சாய்ந்தது. கயிறு சேற்றில் சரியாகப் படியவில்லை. அழுத்திவிட்டுப் போயிருக்கலாம். விளக்கில் சார்ஜ் தீர்ந்துபோன எரிச்சலில் அப்படியே கரையேறிவிட்டேன். சீ.

மாமா வலை தூக்கியபோது கூடையின் அடிகூட மறையவில்லை. அக்கா கழியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். "யாரோ தூக்கி உட்ருக்காங்க" என்றாள். அன்று காலை அந்தப் பக்கமாகத் தோணியில் போனவர் ஒரே ஒருவர்தான். ஊர் முறையில் எனக்குச் சித்தப்பா. நண்டு வலை பார்க்கப் போய்விட்டு, கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு திரும்பியிருந்தார்.

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. நான் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா சத்தியம் பண்ணுவார், இல்லையென்று சாதிப்பார், சந்தேகத்தோடு விஷயம் அமுங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் எழுந்து நின்று, "திரும்பி வரச்சொல்லோ என் கழி எதுலயோ இட்ச்சிது. சிப்பினு நெனச்சேன். வலையா இருந்தாலும் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்பா" என்றார்.

என் வாயில் கொழுக்கட்டை. மடியில் இருந்த பையைத் திறந்தால் போதும். திறந்தால் இனி ஏரியில் கேமராவை இறக்க விடமாட்டார்கள், மாமா முகத்தில் முழிக்க முடியாது, அந்த ஷாட்டும் எனக்கு இல்லை. மூன்றாவதுதான் பெரிய காரணம். சித்தப்பாவின் அடுத்த பாட்டை மாமாவுக்குக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. இறால் ஓடுகிற மாதத்தில் ஒரு பாடு போனால் அந்த வீட்டில் எது எது நின்றுபோகும் என்று ஏரிக்கரையில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுநாள் காலையில் சித்தப்பாவும் சித்தியும் அக்கா வீட்டு வாசலுக்கு வந்து மாப்பு கேட்டார்கள். நான் மத்தியானப் பஸ் பிடித்துச் சென்னைக்கு வந்து, படத்தை வெட்டி ஒட்டத் தொடங்கினேன்.

படம் நன்றாக வந்தது, இணையத்தில் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த இறால் வரிசைதான் அதிலேயே உயிர். முன்பின் தெரியாதவர்களெல்லாம் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். பொறுமைதான் வேண்டும் என்று பதில் போட்டேன். பொறுமையாம்!

நடுவில் ஒரு நாள் அக்கா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள், சித்தப்பா தோணி வந்தால் "வலைய சுருட்டுங்கடா, கழி வருது" என்று பையன்கள் கிண்டல் பண்ணுகிறார்களாம். அவர் இப்போதெல்லாம் யாருடைய வலைப் பக்கமும் வராமல் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறாராம். நானும் சிரித்துவைத்தேன்.

ஆடி மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். தன் வீட்டுக்குள்ளே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, உன் படத்த வெளியூர்லல்லாம் பாக்குறாங்களாமே. நம்ம குப்பத்து போனுங்கள்ல அதெல்லாம் வராது. காட்டு, நானும் பாக்கறேன்."

வேறு ஏதாவது காட்டியிருக்கலாம். கண்ணும் மீசையுமாக நிறைந்திருக்கிற படத்தில் ஒரு கயிற்றை யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற திமிர். வலை கட்டிப் பிழைப்பவர் கண்ணில் கயிறுதான் முதலில் படும் என்று எனக்கு உறைக்கவில்லை.

"நிறுத்து" என்றார். போனை வாங்கி முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டார். "இது உங்க மாமா வலையாச்சே. நீல நூலு போட்டு ஈயம் கட்றது உங்க அக்கா ஒருத்திதான். கயித்துக்கு அடியில கறுப்பா இன்னா அது?"

"ட்ரைபாட் சித்தப்பா. கேமராவ நிறுத்தறது."

"உன்துதா?"

"ம்."

அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மறுபடி ஓட்டச் சொன்னார். இறால் ஒவ்வொன்றாகக் குனிந்து போவதைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

"தே, இங்க வா" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். "நான் இல்லையாம். மெய்யாலுமே என் கழி இல்லையாம்." என்னைத் திட்ட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தான் செய்யவில்லை என்ற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அத்தனை மாதமும் தான்தான் செய்தோம் என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்தாரிடம் போய்ச் சொன்னேன். சித்தப்பாவின் பாட்டை மாமா திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இனி ஏரியில் கேமராவோடு இறங்கக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. எல்லாம் எனக்குத் தகும். ஆனால் அதற்கு முன்னால் சித்தி கேட்டதைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து, நின்றவாக்கில் படத்தைக் கடைசிவரை பார்த்தாள்.

"இது அன்னிக்கே உன்கிட்ட இருந்திச்சா நைனா?"

"இருந்துச்சு சித்தி."

"நாங்க உங்க அக்கா வூட்டு வாசல்ல வந்து நின்னோமே, அப்பவும்?"

"அப்பவும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கி இவருக்குக் கை நடுங்கிச்சுனு நீதான டீ கிளாஸ புட்ச்சிகினு இருந்த" என்றாள்.

ஆமாம், நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலையைப் பற்றி மேலே எழுதும்போது, அதை மட்டும் எழுதாமல் தாண்டி வந்திருக்கிறேன்.