படகு எடுக்காத நாள்

தேங்காய்த்திட்டு துறையில் நின்று பார்த்தால் அது ஒரு பச்சைக் கோடு மாதிரிதான் தெரியும். ஆறு கடலில் சேருகிற இடத்தில், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு மண்திட்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் நாங்கள் அதைத் தீவு என்று சொல்லித்தான் கூட்டிப்போவோம். அலையாத்தி மரங்கள், சேற்றிலிருந்து விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள், இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு. நடுவில் வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சுவர் ஒன்று பாதி நிற்கும். அதன் அடியில் மஞ்சள் பூசிய ஏழு கல். எங்கள் கன்னிமார். அவ்வளவுதான் தீவு. அதைப் பற்றிப் பேசுவது என் வேலை. படகு ஓட்டுவது மாமாவின் வேலை.

மாமா என்றால் ரத்த உறவு இல்லை. அப்பாவோடு ஒரே படகில் கடலுக்குப் போனவர். பிறகு எஞ்சின் வைத்த சின்னப் படகொன்று வாங்கி, சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்ற ஆரம்பித்தார். என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல்தான் அப்பா வளர்த்தார். கரையில் நின்றால்கூட "உள்ள போ, படி" என்று விரட்டுவார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவன், காலேஜ் போனவன் நான்தான். வரலாறு படித்தேன். எங்கெங்கோ வேலை கேட்டு அலைந்துவிட்டு, கடைசியில் அப்பா தள்ளிவைத்த அதே தண்ணீருக்கு வந்தேன், நீச்சல் தெரியாமலே.

"மீன் புடிக்கிற வூட்ல பொறந்து நீச்சல் தெரியாதவன் நீ ஒருத்தன்தான்டா. உன் வரலாறுல அதையும் எழுதிடு" என்பார் மாமா.

அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஐயாவும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். ஐயா இறங்கியதுமே இடுப்பில் கை வைத்து நாலாபக்கமும் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, போட்டோல தீவு இன்னும் பெருசா இருந்துச்சுங்களே?"

"தண்ணி ஏறியிருக்குங்க சார்" என்றேன். மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு படகைத் தள்ளினார்.

"நீ கதை சொல்லு. நெஞ்சு ஒரே கரிப்பா இருக்கு, காலைல தின்ன வட சரியில்ல. ஒரு சோடா குடிச்சிட்டு, நீ முடிக்கறதுக்குள்ள வந்துடறேன்."

போனார்.

அந்த அம்மாவுக்கு எல்லாமே பிடித்திருந்தது. நண்டு கொடுக்கை ஆட்டுவதைப் பார்த்து, "அப்படியே நீங்கதான். ஒரு கையை நீட்டிட்டு எல்லாத்தையும் மிரட்டறது" என்று கணவரைச் சீண்டினார். சுவரருகே வந்தபோது இருமல் ஆரம்பித்தது. கைப்பையிலிருந்து மூச்சுக்கு இழுக்கும் மருந்தை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார். வெறும் காற்றுச் சத்தம்தான் வந்தது. குலுக்கிவிட்டு மறுபடி அழுத்தினார். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

"இன்னொண்ணு கார்ல இருக்குதுங்க" என்றார் ஐயா. கார் அக்கரையில், துறையில் நின்றது.

மாமாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் போட்டேன். அந்த அம்மா கன்னிமார் கல் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போனது. ஐயா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, "தீவுங்க, தீவு! ரோடு எல்லாம் கெடயாது!" என்று கத்தினார். துறைக்கு வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். துறை கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை.

அப்போதுதான் கவனித்தேன். முகத்துவாரத்தில் நின்ற படகுகள் ஒவ்வொன்றாக மூக்கைத் திருப்பின. வலையை அள்ளிப் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து வந்தன. மதியத்துக்கு முன்னால் படகுகள் அப்படித் திரும்புவதில்லை. சட்டையைக் கழற்றி ஆட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசிப் படகும் கரையேறி எஞ்சின்கள் அடங்கிய பிறகு, அக்கரையிலிருந்து மேளச் சத்தம் வந்தது.

எங்கள் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், பிணத்தைத் தூக்கும்வரை எந்தப் படகும் தண்ணீரில் இருக்கக் கூடாது. போனவர்களும் திரும்பிவிட வேண்டும். சாவு யார் வீடு என்று பேதம் இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒப்பாரி கேட்டது.

"மாமா போயிட்டான்டா" என்றார் அப்பா. "படகக் கட்டிட்டு ஊட்டுக்கு வந்தான். தண்ணி கேட்டான். உன் அத்த கொண்டாரதுக்குள்ள சாஞ்சுட்டான்."

என் பக்கத்தில் அந்த அம்மாவின் மூச்சு விசில் அடித்தது.

"நீ எங்கடா இருக்கற?"

"திட்டுலப்பா. ரெண்டு பேரு கூட. ஒரு அம்மாவுக்கு மூச்சு நிக்கப் போவுது. படகு எடுத்துட்டு வாப்பா."

அப்பா குரலைத் தாழ்த்தி, "எவனும் தொட மாட்டான்டா. அவன் ஊட்ல சொன்னாத்தான் உண்டு" என்றார்.

"நீ கேளுப்பா."

"பொணத்து மேல உழுந்து கெடக்கறா. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது? நீயே கேளு. போனைக் குடுக்கறேன்."

போன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவது எனக்குக் கேட்டது. ஒப்பாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு அத்தையின் குரல், கரகரவென்று.

"உன்னத்தான்டா சொன்னாரு. புள்ளய திட்டுல உட்டுட்டு வந்துருக்கேன், போவணும் போவணும்னாரு. கடைசியா சொன்னது அதான்."

"அத்தை," என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? புருஷன் போய் உடம்பு சூடு ஆறாத வீட்டில் நான் படகு கேட்கிறேன். "அத்தை, இங்க ஒரு அம்மா செத்துடுவாங்க போல இருக்கு. படகு வேணும்."

அவர் என்னிடம் பேசவில்லை. அங்கே யாரிடமோ பேசினார். ஒரு ஆண் குரல், "என்னா பேச்சு இது, ஊருக்குன்னு ஒரு மொற இல்ல?" என்றது.

"உன் படகையா கேட்டேன்? அவரு ஏத்திட்டுப் போன சனம். அவரு படகுதான் கொண்டாரணும்" என்றார் அத்தை. பிறகு, "சாவி அவரு இடுப்புல இருக்கு" என்றார்.

மாமா எஞ்சின் சாவியை அரைஞாண் கயிற்றில்தான் முடிந்து வைத்திருப்பார். தண்ணீரில் விழுந்தாலும் சாவி போகாது என்பார்.

"ஐயோ, அத இப்ப அறுக்கக் கூடாதுடி! சுடுகாட்டுலதான்டி!" என்று ஒரு கிழவி அலறினாள். மேளம் நின்றது. போன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு கடந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது. ஐயா அவரை மார்பில் சாய்த்துக்கொண்டு, "இன்னும் ஒரு மூச்சு, கண்ணு. ஒண்ணே ஒண்ணு. என்னைத் திட்டறதுக்காவது இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தண்ணீரில் இறங்கினேன். எதற்கென்று எனக்கே தெரியாது. சேறு தொடைவரை உள்வாங்கியது. சிப்பி காலைக் கிழித்தது. வேரைப் பிடித்துத்தான் மேலே வந்தேன். படித்த படிப்பில் இந்த நிமிஷத்துக்கு உதவ ஒரு வரிகூட இல்லை. ஏழு கல்லின் முன்னால் போய் விழுந்தேன். கொஞ்சம் முன்னால்தான் அந்தக் கல்லைக் காட்டி, இவர்கள் நீர் காக்கும் தெய்வங்கள் என்று அவர்களுக்கு விளக்கம் சொன்னவன் நான்.

எஞ்சின் சத்தம் கேட்டது. மாமா படகுக்கு ஒரு இருமல் உண்டு. கிளம்பும்போது இரண்டு தரம் செருமிவிட்டுத்தான் ஓடும். அந்தச் செருமலைக் கேட்டதும் ஒரு நொடி, மாமாதான் வருகிறார் என்று எழுந்துவிட்டேன்.

அப்பா வந்தார். மேல் சட்டை இல்லை, தலையில் துண்டு. என்னைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் படகில் கிடத்தினார். துறைக்கு வந்தோம். கரை முழுக்கக் குப்பத்து ஜனம் நின்றது. வழி விட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றி முகத்தில் மாஸ்க்கை வைத்தபோது அந்த அம்மாவின் கை ஐயாவின் சட்டையைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். பிழைத்துக்கொண்டார்கள் என்று சாயங்காலம் ஐயா போனில் சொன்னார். அப்போது நாங்கள் சுடுகாட்டில் இருந்தோம்.

படகைக் கட்டியதும் அப்பா சாவியை என் கையில் திணித்திருந்தார். அறுத்த கருப்புக் கயிறு அதிலேயே தொங்கியது. அத்தையிடம் கொடுக்கக் கூட்டத்தில் இடமில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தேன்.

கொள்ளி வைக்கும் முன்னால், அங்கே வேலை செய்கிறவர் கத்தியோடு குனிந்து மாமாவின் இடுப்பைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"அரணாக்கயிறு எங்கப்பா?"

எல்லார் கண்ணும் என் மேல் வந்து நின்றது. பையிலிருந்து எடுத்தேன். கயிறு போக வேண்டும், சாவி போகக் கூடாது. முடிச்சு வலை முடிச்சு. மாமா போட்டது. நகத்தால் கீறினேன், இழுத்தேன், அது இறுகியதே தவிர அவிழவில்லை.

அப்பா வாங்கினார். கட்டை விரலால் ஒரு தள்ளு. அவிழ்ந்தது. கயிற்றை மாமாவின் வயிற்றின் மேல் வைத்தார். சாவியை மட்டும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நீ கேட்டது. நீயே போயி அத்தகிட்ட குடு."