பதினைந்தாம் கட்டம்

அண்ணியின் தாளில் இந்தியா பாதி வளர்ந்திருந்தபோதுதான் நான் பொங்கல் விடுமுறைக்கு ஆரணி வந்து சேர்ந்தேன். பட்டுக்கு டிசைன் போடுகிறவர்கள் பயன்படுத்தும் கட்டம் போட்ட பெரிய தாள் அது. ஒரு வரிசைக் கட்டங்களுக்கு ஓர் அட்டை. அதில் துளை அடித்துத் தறியின் மேல் மாட்டினால், ஓர் அட்டைக்கு ஒரு சரிகை இழை விழும். அந்தத் தாளில் மாங்காயும் அன்னமும் போட்டுக்கொண்டிருந்தவர், அன்று சிவப்பு பென்சிலால் குஜராத்தின் ஓரத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. "வா தம்பி, நல்ல நேரத்துலதான் வந்துகினு இருக்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

எண்பதுகளின் தொடக்கம். அண்ணன் தறியில் உட்காருவார். டிசைன் எல்லாம் அண்ணியுடையது. ஆனால் நெசவாளர் சங்கத்துப் பதிவேட்டில் டிசைனர் என்ற இடத்தில் அண்ணன் பெயர்தான் இருக்கும். அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை, எனக்கும்தான். அந்த வருடம் டில்லி கண்காட்சிக்குச் சரிகையில் தேசப் படம் நெய்த பட்டு ஒன்றை அனுப்பச் சங்கம் முடிவு செய்தது. குறையில்லாமல் வந்தால் படம் போட்டவருக்குச் சங்கத்திலேயே டிசைனர் வேலை என்று செயலாளர் சொல்லியிருந்தார். அண்ணிக்கு அந்த வேலை வேண்டும். வாய் திறந்து சொல்லவில்லையே தவிர, அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் கட்டம் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தாலே புரிந்தது.

அவர் பார்த்து வரைந்தது ஒரு பள்ளிக்கூடத்து வரைபடம். அதில் அந்தமானும் நிக்கோபாரும் மூலையில் தனிப் பெட்டிக்குள் கிடந்தன. "பொட்டிக்குள்ள கீதே இது, இத்த மெய்யாலும் எங்க வைக்கணும்?" என்று கேட்டார். நில அளவைத் துறையில் வேலை பார்க்கும் எனக்குக் கேட்கக் கேட்க இனிக்கும் கேள்வி அது. பெட்டியிலிருந்து அட்சரேகை போட்ட பழைய பெரிய வரைபடத்தை எடுத்து விரித்து, கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனையைக் காட்டினேன். கன்னியாகுமரிக்கும் வெகு தெற்கே இருந்தது. அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார்.

ஏன் அத்தனை பதற்றம் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. தறியில் படம் கீழிருந்து மேலே வளரும். எனக்கு நாட்டின் கடைசிப் புள்ளி எதுவோ, அவருக்கு அதுதான் முதல் இழை. ஒரு கட்டத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பழைய வரைபடத்தின்படி, கன்னியாகுமரியிலிருந்து கீழே எண்ணினால், அந்த முனை பதினான்காம் கட்டத்துக்கும் பதினைந்தாம் கட்டத்துக்கும் நடுவே இருந்த கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. எதில் வைத்தால் என்ன, கண்ணுக்கா தெரியப் போகிறது என்றேன். "மொத இழையே தப்புன்னா அப்பறம் காஷ்மீர் வரிக்கும் தப்புதான தம்பி?" என்றார் அண்ணி.

ஆனால் என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். மறு வாரமே எங்கள் குழு அந்தத் தீவுக்குத்தான் கப்பல் ஏறியது. நட்சத்திரம் பார்த்துக் குறித்த பழைய இடங்களைச் செயற்கைக்கோளைக் கொண்டு சரிபார்ப்பது எங்கள் வேலை. கரையில் ஆன்டெனாவை நட்டோம். கூடாரத்துக்குள் ரிசீவரை லாரி பேட்டரியோடு இணைத்துவிட்டு, செயற்கைக்கோள் எப்போது தலைக்கு மேல் வரும் என்று காத்துக் கிடந்தோம். ஹாரன் அடித்தபடி கடந்து போகும் வேலூர் பஸ்ஸின் சத்தம், வரும்போது ஒரு மாதிரியும் போகும்போது ஒரு மாதிரியும் கேட்கும் அல்லவா? அதுபோல செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் ஏற்ற இறக்கத்தை வைத்து நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொரு முறை சிக்னல் கிடைத்தபோதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்று கைபேசியைத் தட்டினால் நம் வீட்டு வாசலையே காட்டுகிறது, யாரும் சிலிர்ப்பதில்லை. நாங்கள் ஒரு புள்ளிக்காகப் பல நாள் மழையில் நனைந்தோம்.

பழைய இடத்திலிருந்து முனை கொஞ்சம் தெற்கே தள்ளி விழுந்தது. சில நூறு மீட்டர்தான். குழுவில் மற்றவர்கள் பிழை எவ்வளவு என்று பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் மனதுக்குள் "பதினைந்து! பதினைந்து!" என்று குதித்துக்கொண்டிருந்தேன். அளவுகளை வெளியே சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. ஒரு சேலைக் கட்டத்தின் எண் அரசாங்க ரகசியம் ஆகாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, "பதினைந்தாம் கட்டம்தான் அண்ணி, தைரியமாகப் போடுங்கள்" என்று கடிதம் எழுதினேன்.

திரும்பி வந்தபோது துணி தறியிலிருந்து இறங்கியிருந்தது. மயில் கழுத்து நிறப் பட்டில் தங்க நிறத்தில் நாடு. அதற்கு வெகு கீழே, வலது ஓரத்தில் அந்தமான் தீவுகளையும் தாண்டி, வெறும் நீலத்தில் கடுகளவுக்கு ஒரே ஒரு சரிகைப் பொட்டு. மூவரும் சங்கத்துக்கு எடுத்துப் போனோம். அங்கே எந்தத் துணியானாலும் முதலில் பரிசோதகரின் மேஜைக்குப் போக வேண்டும். அவர் விளக்கைப் போட்டு, துணியைத் தடவித் தடவிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சாமணத்தால் பிடுங்குவார். நாங்கள் செயலாளரோடு பேசிக்கொண்டிருந்தோம்.

"சுத்தமா நெஞ்சிக்கீறீங்க. கீழ ஒரே ஒரு பிசிறு நின்னுகினு இருந்துது, எடுத்துட்டேன்" என்றார் பரிசோதகர்.

அண்ணி ஓடினார். சாமணத்தின் நுனியில் மினுங்கிக்கொண்டிருந்தது கிரேட் நிக்கோபார்.

"ஐயையோ, அது பிசிறு இல்லீங்க! அங்கதாங்க நம்ம நாடே ஆரம்பிக்குது!"

அந்த அலுவலகத்தில் அதுவரை அண்ணியின் குரலை யாரும் கேட்டதில்லை. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "கன்னியாகுமரிக்குக் கீழ கடல்தானம்மா, சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே" என்றார் பரிசோதகர். பாவம், அவர் கேலியாகச் சொல்லவில்லை. செயலாளர் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி சர்வேல இருக்கீங்க, நீங்க சொல்லுங்க."

அளவைச் சொல்ல முடியாது. "போன மாசம் அங்கதாங்க நின்னுகினு இருந்தேன். பேன்ட்டெல்லாம் நனைஞ்சிபோச்சி" என்றேன். வேறென்ன சாட்சி வேண்டும்?

அண்ணி யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. ஊசியும் சரிகையும் கேட்டு வாங்கி, பரிசோதகரின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கன்னியாகுமரியின் நுனியில் விரல் வைத்து, குறுக்கே ஓடும் ஊடை இழைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே கீழே இறங்கினார். ஒன்று, இரண்டு என்று எல்லோரும் கூடவே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பதினான்கில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பதினைந்தாம் இழையோடு வலது ஓரத்துக்குப் போய் ஊசியைக் குத்தி இழுத்தார். பழையபடி பொட்டு வந்து உட்கார்ந்தது. பரிசோதகர் குனிந்து பார்த்துவிட்டு, "இனிமே தொடமாட்டேம்மா" என்றார்.

செயலாளர் பதிவேட்டைத் திறந்து, வழக்கம்போல அண்ணன் பெயரை எழுதப் பேனாவை எடுத்தார். அண்ணன் கையை நீட்டி மறித்தார். "நான் தறியிலதாங்க குந்திகினு இருந்தேன். எங்க ஆரம்பிக்கணும்னு சொன்னது அவதான்."

"அப்ப டிசைனர் பேரு சொல்லும்மா" என்றார் செயலாளர்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணி, மருமகள், இந்தாம்மா. கல்யாணப் பத்திரிகையில் அச்சான பிறகு அந்தப் பெயரை நான் எங்கும் கண்டதில்லை. அண்ணி ஊசியைத் துணி ஓரத்தில் குத்தி வைத்துவிட்டு எழுந்து நின்றார். அப்பா பெயரின் முதலெழுத்தோடு, வாசல்வரை கேட்கும்படி, தன் பெயரைச் சொன்னார்.