மாதா கோயில் முற்றத்தில் நான்கு சக்கரங்கள்

வட்டவளையில் எங்கள் பக்கத்தில் மின்சாரக் கார் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஹட்டனில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் நாத்தனார் அங்கேயே ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். இருவரும் தினமும் அந்தக் காரில்தான் போய்வருவோம். ஏற்றத்தில் சத்தமே இல்லாமல் ஏறும். இறக்கத்தில் காலை எடுத்தாலே வேகம் குறைந்து, பெட்டரியில் கொஞ்சம் மின்சாரமும் சேரும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒருநாள் காரைக் கழுவும்போது டயர்களைத் தடவிப் பார்த்தேன். பின் டயர்களின் பள்ளத்தில் விரல் நுனி நன்றாக இறங்கியது. முன் டயர்களில் அவ்வளவு இறங்கவில்லை. ஏற்றத்தில் இழுப்பதும் இறக்கத்தில் பிடிப்பதும் முன் சக்கரங்கள்தான். பெட்டரியின் பாரம் வேறு. முன்னுள்ளவற்றைப் பின்னுக்கும் பின்னுள்ளவற்றை முன்னுக்கும் மாற்றிவிட்டால் நான்கும் சீராகத் தேயும்.

ஹட்டனில் டயர் கடைக்காரர் குனிந்து காரின் அடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேணாம் டீச்சர். அடி முழுக்க பெட்டரி. ஜாக்கு வச்சு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அடுத்த கடைக்காரரோ கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், நாமே மாற்றுவோம் என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். எப்போது என்று மட்டும் கேட்டாள்.

காரோடு வந்த கைநூல் ஜப்பானிய மொழியில் இருந்தது. கைபேசியால் படம் பிடித்து மொழிபெயர்த்துப் படித்தோம். ஜாக்கு வைக்கவென்றே கதவுகளுக்குக் கீழே, சக்கரங்களை ஒட்டி இடங்கள் இருந்தன. அவற்றை விட்டு உள்ளே தள்ளி வைத்தால்தான் பெட்டரிக்கு ஆபத்து. உபரிச் சக்கரம் இல்லாததால் ஒரு பக்கத்தின் இரு சக்கரங்களையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். அதற்கு இரண்டு ஜாக்குகளும் முட்டுக்கொடுக்கும் இரும்புத் தாங்கிகளும் தேயிலைத் தொழிற்சாலை வேலைத்தளத்தில் இரவலாகக் கிடைத்தன. மட்டமான தரைதான் கிடைக்கவில்லை. எங்கள் மலையில் எங்கே பார்த்தாலும் சரிவு. கடைசியில் மாதா கோயிலின் சிமெண்டு முற்றத்தை ஃபாதரிடம் கேட்டேன். ஞாயிறு பூசை முடிந்தபின் செய்துகொள்ளச் சொன்னார்.

பூசை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. என் கணவரும் மகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நின்றார். நீங்கள் போய்ச் செய்யக்கூடாதா என்று ஒருவர் அவரைக் கேட்டார்.

"எனக்குக் கார் ஓட்டவே தெரியாதுங்க. அவங்க பாத்துக்குவாங்க," என்றார்.

காரைத் தூக்கும் முன் நட்டுகளை இளக்க வேண்டும். முதல் சக்கரத்திலேயே ஒரு நட்டு அசைய மறுத்தது. என் உள்ளங்கை சிவந்துவிட்டது. நாத்தனார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி நட்டுச் சாவியின் நீண்ட கைப்பிடிமேல் ஏறி நின்றாள். கிறீச்சென்று ஒரு சத்தம். நட்டு சுழன்றது.

"வந்துருச்சு அண்ணி," என்றாள், மெதுவாக.

அதன்பின் எங்களுக்குக் கூட்டம் கண்ணில் படவே இல்லை. சக்கரங்களைக் கழற்றி உருட்டி இடம் மாற்றினோம். ஒரு நட்டை இறுக்கியதும் அதற்கு எதிரே உள்ளதை இறுக்கினோம். காரை இறக்கிவிட்டு முழுப் பலத்தோடு மறுபடி இறுக்கினோம். பிறகு மறுபக்கம். கதவோரம் ஒட்டியிருந்த சீட்டில் அளவைப் பார்த்து நான்கிலும் காற்றைச் சரிசெய்தேன்.

ஃபாதரையே முதல் சவாரிக்கு ஏற்றினோம். தொழிற்சாலை வரை போய்த் திரும்பி, எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை சோதித்தேன். ஒன்றுகூட இளகவில்லை. கருத்துப்போன என் கைகளைப் பார்த்தேன்; கழுவ மனம் வரவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க ஹட்டன் ஏற்றத்தில் கார் ஒருமுறைகூட வழுக்கவில்லை. இப்போது மஸ்கெலியாவிலிருந்து மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா தன் மின்சாரக் காரோடு எங்களிடம் வருகிறார். நாங்கள் மாற்றிக் கொடுப்பதில்லை. நட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறோம்.