எங்கே தப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டுங்க சார்!

போன வாரம் எனக்கு ஒரு மிரட்டல் வந்தது. ஆனால் பாருங்கள், நம் திருப்பூரில் மிரட்டலுக்குக்கூட ஒரு மரியாதை உண்டு.

"வணக்கங்க அம்மிணி. சாப்ட்டாச்சுங்களா? அந்தப் போஸ்ட்டை இன்னைக்கே எடுத்துருங்க. இல்லீன்னா கேஸ் ஆயிருமுங்க."

பேசியவர் ஓர் அரசு அதிகாரி.

விஷயம் இதுதான். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் அடங்காத உள்ளூர்ச் செய்திகளுக்காக சோஷியல் மீடியாவில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். நான் படித்த அரசுப் பள்ளியில் மாணவிகளுக்குக் கட்டிய புது டாய்லெட் பூட்டியே கிடக்கிறது என்று அதில் போட்டோவோடு எழுதினேன். பிள்ளைகள் அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றும் எழுதினேன். நானும் அப்படி இருந்தவள்தானே!

போனை வைத்ததும் பயம் வந்துவிட்டது. பொய் சொல்வானேன்? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இன்றும் கைநாட்டுதான். கேஸ் என்றால் கூட வந்து நிற்க எங்கள் சொந்தத்தில் ஒரு வக்கீல் கிடையாது. பேசாமல் டெலீட் பட்டனை அமுக்கிவிட்டால்...? அமுக்கினால் அடுத்த பூட்டைப் பற்றி எந்த முகத்தோடு எழுதுவேன்?

ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தோழி பர்வீனிடம் சொன்னேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். டீ-ஷர்ட்டில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் - எது இருந்தாலும் அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை.

"எங்க தப்புன்னு சொன்னாராடி?"

"இல்ல. எடுக்கோணும்னு மட்டும்தான் சொன்னாரு."

"அதெப்படி? டிஃபெக்ட் எங்கன்னு காட்டாம ஒரு பீஸை ரிஜெக்ட் பண்ணினா, எங்க டெய்லர் அக்காங்க என்னைய உசுரோட உடுவாங்களா? அந்தாளு உன்ர மொத்த லாட்டையும் தள்ளச் சொல்றாரு... நீ தலையாட்டிட்டு வந்திருக்கற!"

"போன்லதான்டி தலையாட்டுனேன்."

"பெரிய ரிப்போர்ட்டரு!"

மறுநாள் இருவரும் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கே போய்விட்டோம். என் கையில் பதிவின் பிரின்ட் அவுட். பர்வீன் கையில் ஒரு ஷீட் ஸ்டிக்கர்.

அதிகாரி முதலில் தன் போனில் என் பக்கத்தைப் பார்த்தார். "உங்க பேருக்குப் பக்கத்துல ப்ளூ டிக்கே இல்லீங்களே அம்மிணி? அப்புறம் எப்படிங்க ரிப்போர்ட்டர்?"

"மாசாமாசம் பணம் கட்டினா அதை யாருக்கு வேணா குடுப்பாங்க சார்."

பர்வீன் குறுக்கே புகுந்தாள். "லேபிள் மாதிரிங்க சார். எந்தத் துணில வேணா தெச்சுக்கலாம். நீங்க துணியைப் பாருங்க."

மனதுக்குள் விசில் அடித்தேன். பணம் கட்டு, உன் பேச்சை இன்னும் நிறையப் பேருக்குக் காட்டுகிறேன் என்று அந்த சோஷியல் மீடியா கம்பெனி எனக்குத் தினமும் மெசேஜ் அனுப்புகிறது. ஒருவர் பேசாதே என்கிறார், இன்னொருவர் பேசக் கட்டணம் கேட்கிறார். நல்ல காலம்தான்!

பிரின்ட் அவுட்டை மேஜையில் வைத்தேன். "எங்க தப்புன்னு ஸ்டிக்கர் ஒட்டுங்க சார். திருத்திடறேன், திருத்துனேன்னும் எழுதிடறேன். ஒட்ட இடமில்லீன்னா போஸ்ட் அப்படியே இருக்கட்டுமுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் தடவையாகப் படிக்கிறார் என்று முகமே சொன்னது. திடீரென்று நிமிர்ந்தார், வெற்றிச் சிரிப்போடு.

"இதா! சாவி எச்.எம். டீச்சர்கிட்ட இருக்குதுன்னு போட்டிருக்கீங்க. தப்புங்க அம்மிணி. சாவி அதைக் கட்டுன காண்ட்ராக்டர்கிட்டத்தானுங்க இருக்குது!"

பொட்டென்று ஸ்டிக்கரை ஒட்டினார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது - பூட்டிக் கிடப்பது உண்மை என்று தானே சொல்லிவிட்டோம் என்று.

"வேற எங்கியாச்சுங்களா சார்?" என்றாள் பர்வீன். "ஸ்டிக்கர் நெறைய இருக்குதுங்க."

"போதுமுங்க சாமி..."

அன்று மாலையே திருத்தம் போட்டேன். 'சாவி தலைமை ஆசிரியையிடம் இல்லை, காண்ட்ராக்டரிடம் இருக்கிறது. தவறுக்கு வருந்துகிறேன். சுட்டிக்காட்டிய அதிகாரிக்கு நன்றி.' பைசா கட்டாமலே அது பெற்றோர் குரூப்புகளில் எல்லாம் சுற்றியது. ஆளாளுக்குக் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பூட்டு திறந்தது. நானே போய்ப் பார்த்தேன். இன்டர்வெல் பெல் அடித்ததும் பிள்ளைகள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே... அப்படியொரு அழகு!

எழுதுகிறவர்களுக்கு இதைவிடக் கடுமையானதெல்லாம் எங்கெங்கோ நடக்கிறது. எனக்கு வந்தது ஒரு போன், அதுவும் மரியாதையான போன். பெரிய வீரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் எடுத்துவிடு என்கிறவரிடம், எந்த வரியை என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். அந்தச் சாக்கிலாவது அவர் படித்துவிடுகிறார்.

நேற்று அதே நம்பரிலிருந்து மறுபடியும் போன்.

"அம்மிணி, டாய்லெட் திறந்ததுக்கு மேலதிகாரி என்னைப் பாராட்டுனாருங்க. நான் எடுக்கச் சொன்னேனுங்களே, அந்தப் போஸ்ட்டு லிங்க்கைக் கொஞ்சம் அனுப்புங்களேன்... அவருக்குக் காட்டோணும்."

அனுப்பினேன். நல்லவேளை, நீக்காமல் வைத்திருந்தேன்!