கோபாலுக்கு ஊற்றிய இரண்டு குடம்

பழவேற்காட்டுக்கு எதிரே, ஏரிக்குள் இருக்கிறது எங்கள் தீவு. நாலு பக்கமும் தண்ணீர். வாயில் வைக்க ஒரு சொட்டு கிடையாது. போர் போட்டுக் கொடுத்தார்கள், அதுவும் உப்பு. அதனால் கரைக்கு லாரியில் வரும் நல்ல தண்ணீரை டிரம்மில் பிடித்து, படகில் ஏற்றி வந்து, ஊர்த் தொட்டியில் ஊற்றுவோம். அந்தத் தொட்டிக் குழாய்க்குப் பூட்டு உண்டு. சாவி முத்தம்மாள் இடுப்பில் இருக்கும்.

யாரும் பட்டம் கட்டி அவளிடம் சாவியைக் கொடுக்கவில்லை. குழாயடியில் குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கோடையில் அவளே பூட்டு வாங்கி வந்து மாட்டினாள். பகலெல்லாம் ஏரியில் உட்கார்ந்து, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவள். பல்லில் அவ்வளவு பலம் உள்ளவளிடம் யார் வாய் கொடுப்பது? ஊர் பேசாமல் இருந்துவிட்டது.

அவள் சட்டப்படி நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும்தான். குளியல், துணி, பாத்திரம் எல்லாம் ஏரியில். ஏரியிலிருந்து ஏறி வந்தால் முகம் கழுவ ஒரு சொம்பு. அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டினவளுக்குத் தெருவே கேட்கும்படி திட்டு விழும். எனக்கே விழுந்திருக்கிறது. கஞ்சப்பிசினாறி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வோம். ஆனாலும் அந்தப் பூட்டு வந்த பிறகு எங்கள் ஊரில் யாரும் தாகத்தோடு படுக்கவில்லை.

எங்கள் தெரு வேலுவின் அம்மா செத்தது ஒரு கத்திரி வெயிலில். முகத்துவாரத்தை மண் மூடி, ஏரி வற்றி, தண்ணீர்ப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பிணத்தைக் குளிப்பாட்ட வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவருவது எங்கள் வழக்கம். முத்தம்மாள் குழாயைத் திறக்கவில்லை.

"செத்தவங்களுக்குத் தாகம் எடுக்காது வேலு. உன் புள்ளைக்கு எடுக்கும்" என்றாள்.

வேலு பல்லைக் கடித்துக்கொண்டு ஏரித் தண்ணீரை மொண்டு வந்தான். காய்ந்ததும் கிழவி முகத்தில் உப்பு பூத்தது. கொடுமைதான். ஆனால் அடுத்த படகு வரும்வரை தொட்டி தாங்கியது. அதிலிருந்து ஊரில் யார் செத்தாலும் ஏரித் தண்ணீர்தான்.

இந்தச் சித்திரையில் முத்தம்மாளின் புருஷன் கோபால் செத்தார். வலை இழுத்தே உள்ளங்கை வெடித்தவர். காலில் இருந்த உப்புப் புண் கடைசிவரை ஆறவில்லை. படுக்கையில் கிடந்தபோது அவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் போவும்போது என்னை உப்போட அனுப்பாதம்மே."

இந்த வருஷமும் முகத்துவாரம் அடைத்துக் கிடந்தது. அடுத்த படகு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பிணத்தை வாசலில் உட்கார வைத்திருந்தோம். முத்தம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் ஏரிக்குப் போய்க் குடத்தை நிரப்பி வந்தாள். ஊற்றுவதற்குத் தூக்கியவள் அவர் காலில் வாய் பிளந்து கிடந்த புண்ணைப் பார்த்தாள். குடம் கீழே இறங்கிவிட்டது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டது வேலு. இரண்டு குடம் நல்ல தண்ணீரில் கோபாலைக் குளிப்பாட்டினோம். நான் அழுதேன், மனசுக்கு நிறைவாகவும் இருந்தது.

அந்த வாரமே வேலுவின் மகள் சரண்யா வயசுக்கு வந்தாள். பெண்ணுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று வேலு குடத்தோடு வந்து நின்றான். முத்தம்மாள் ஏரியைக் காட்டினாள். அவன் கோபப்படவில்லை.

"எங்கம்மாவ உப்புத் தண்ணில அனுப்புனேன், ஒரு வார்த்த கேக்கல. மாமாவுக்கு நானே தூக்கியாந்து ஊத்துனேன். இது உசுரோட கீற பொண்ணு, அக்கா" என்றான்.

அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

அதன் பிறகு யாருக்குத்தான் காரணம் இல்லை? ஒருத்திக்கு மாமியாரின் காய்ச்சல், ஒருத்தனுக்குக் கோயில் பொங்கல், எனக்கு வந்த விருந்தாளி. வெட்கமில்லாமல் நானும் கூடுதலாகப் பிடித்தேன். படகு வருவதற்குள் தொட்டி காய்ந்தது. பிள்ளைகளுக்குப் போர் தண்ணீரைக் கொடுத்தோம். பேதி கண்டது. பக்கத்து வீட்டுத் தவழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து கரைக்கு ஓடினார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்தக் குழந்தையையும் ஏரித் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள், தொட்டியில் ஒன்றும் இல்லை.

இப்போது குழாய்க்குப் பூட்டு கிடையாது. முந்தினவர்களுக்குத் தண்ணீர். முத்தம்மாள் ஏரியிலிருந்து ஏறி வரும் நேரத்துக்குப் பெரும்பாலும் தொட்டி காலி. நேற்று மனசு கேட்காமல் என் குடத்திலிருந்து அவளுக்குப் பாதி ஊற்றினேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். கோபால் மாமாவுக்கு அன்றைக்கு ஊற்றாமல் இருந்திருக்கலாமோ என்று கேட்டுவிட்டேன்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு செத்தாலும் ஊத்துவேன். எனக்கு அவரு புருசன். நீங்கல்லாம் ஏன்டி வாணாம்னு சொல்லல?"