எந்தச் சரிவில் விழப் போகிறீர்கள்?

பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்தில் டிக்கெட் யன்னலுக்குப் பின்னால் இருப்பவன் ஒரு நாளில் கேட்கிற பொய்களை ஒரு நீதிபதி ஒரு வருடத்தில் கேட்டிருக்க மாட்டார். கடையிலோ கந்தோரிலோ இப்படி ஒரு யன்னலுக்குப் பின்னால் இருந்து சனத்துக்குப் பதில் சொல்லி அலுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னிலிருந்து பஸ்ஸில் நாலு மணித்தியாலம் போகிற ஒரு மலையில், ஒரு குளிர்காலம் முழுக்க நான் அந்த யன்னலில் இருந்தேன். டிக்கெட் கொடுப்பதோடு, யாருக்கு எந்தச் சரிவு பொருந்தும் என்று சொல்வதும் என் வேலை. பச்சைப் பலகை போட்ட சரிவு புதியவர்களுக்கு. நீலம் ஓரளவு பழகியவர்களுக்கு. கறுப்பு, நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் தெரியும் என்று மனைவியிடம் சொல்லி வைத்தவர்களுக்கும்.

எட்டாயிரம் அடி

நான் ஊரில் எஞ்சினியர். மெல்பேர்னில் ஏறி இறங்கிய கந்தோர் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: உள்ளூர் அனுபவம் இருக்கிறதா? வேலை செய்தால்தானே அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தானே வேலை தருவீர்கள் என்று கேட்டால் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். கடைசியில் பேப்பரில் இந்த மலை வேலைக்கு ஆள் தேவை என்று பார்த்துப் போனேன். மேனேஜர் கீத், மலையில் இருந்து பழக்கமா என்று கேட்டார். நுவரெலியாவில் இரண்டு வருடம் ரோட்டுப் போட்டேன் என்றேன். எவ்வளவு உயரம் என்றார். ஊர் ஆறாயிரம் அடி, பக்கத்து மலை எட்டாயிரத்துக்கும் மேல் என்றேன். அவுஸ்திரேலியாவில் அவ்வளவு உயரத்தில் ஒரு மலையும் கிடையாது.

அங்கே பனி விழுமா என்று அவர் கேட்கவில்லை. விழாது என்று நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. சீசன் முடிவில் ஒழுங்காக வேலை செய்தவர்களுக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் தருவாராம். எனக்கு வேண்டியது அந்த உள்ளூர்க் கடிதம் ஒன்றுதான். ஸ்கீ என்கிற சறுக்குக் கட்டையைக் காலில் கட்டாமலே சீசனை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கீத் கையைக் குலுக்கினார். "உங்களுக்கு இது குழந்தைப்பிள்ளை மலை," என்றார்.

எப்படி நிற்பீர்கள்?

மேலே போகிறவர்கள் பொய் சொல்வார்கள், விழுந்து வருகிறவர்கள் உண்மை சொல்வார்கள். இதை முதல் கிழமையே கண்டுபிடித்தேன். நொண்டிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் எங்கே விழுந்தீர்கள், ஏன் விழுந்தீர்கள் என்று அன்பாக விசாரித்து ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்தேன். நீலச் சரிவின் இடப்பக்கம் காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும், பதினொரு மணிக்குப் பிறகு போகலாம். கறுப்பில் மூன்றாவது வளைவில் மரங்கள். இதையெல்லாம் அடுத்தவருக்கு நான் பிறந்ததிலிருந்து சறுக்கியவன் போலச் சொல்லுவேன்.

எவ்வளவு பழக்கம் என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் "நல்ல பழக்கம்" என்பார்கள். ஆகவே வேகமாகச் சறுக்கிப் போகும்போது எப்படி நிற்பீர்கள் என்று கேட்பேன். தெரிந்தவர் இடுப்பைத் திருப்பிக் காட்டுவார். தெரியாதவருக்கு முகம் மாறும். மெல்பேர்னிலிருந்து வந்த ஒரு வக்கீல் மட்டும், தனக்கு நிற்க வேண்டிய தேவை வருவதில்லை என்றார். பச்சை என்றேன். கறுப்புக்குப் போனார். ஒரு மணித்தியாலத்தில் மீட்புக் குழு அவரைச் சறுக்குக் கட்டிலில் வைத்து இழுத்து வந்தது. முழங்கால் வீங்கியிருந்தது, வாய் வீங்கவில்லை. "நிற்பது ஒரு பிரச்சினையே இல்லை," என்றார். "மரம் இருந்தது."

கணவன் சொல்லித் தந்தது

சிட்னியிலிருந்து ஒரு தம்பதி. கணவனுக்குப் போன வருடத்து இரண்டு நாள் அனுபவம். மனைவி பனியையே அன்றைக்குத்தான் பார்க்கிறா. இருவருக்கும் நீலம் வேண்டும் என்றார் கணவன். அவவுக்குப் பச்சையும் ஒரு வாத்தியாரும் நல்லது என்றேன். மனைவிக்குச் சொல்லித்தர வாத்தியார் எதற்கு என்று கேட்டு, என்னை விவாகரத்து வக்கீலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பின்னேரம் அவ தனியாக வந்தா. தலைமயிரிலும் கழுத்துக்குள்ளும் பனி. குரலில் ஒரு கோபமும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனக்குப் பச்சைக்கு ஒரு டிக்கெட்," என்றா. "அவருக்கு சிட்னிக்கு ஒரு டிக்கெட்."

பனியைக் கண்ட ஆள்

பக்கத்து யன்னலில் பீட் இருந்தான். ஒல்லாந்துக்காரன், பொன்னிறத் தலைமயிர், சிவந்த கன்னம். ஒரு நாள் ஒருவர் நேராக என் யன்னலுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, இங்கே பனியைக் கண்ட ஆள் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார். பீட்டைக் காட்டினேன். நான் வழக்கமாகச் சொல்கிற அதே வசனத்தைப் பீட் சொன்னான்: நீலம், ஆனால் பதினொரு மணிக்குப் பிறகு. என் கொப்பியில் இருந்து நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருப்பி நாலு வார்த்தை கேட்கவும் வழியில்லை. அந்த மனுஷன் கேட்ட கேள்வியில் மரியாதைதான் இல்லை, பிழை இல்லை. அவர் பீட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகும்போது கூட வந்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "பார்த்தாயா, மலையில் பிறந்தவன் சொன்னால் அது வேறு."

டொக்டரின் முழங்கால்

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வான் வண்டியில் நம்மவர்கள் வந்து இறங்கினார்கள். சேலைக்கு மேல் கோட், கோட்டுக்குக் கீழ் றப்பர் சப்பாத்து, கையில் புட்டுப் பார்சல். எந்தச் சரிவு லேசு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கு அனுப்ப எந்தச் சரிவில் படம் நல்லா வரும் என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் டொக்டர் சிவபாதம், நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கண்டியில் வேலை பார்த்தவர்.

அந்த நேரம் பார்த்துக் கீத் வந்தார். உங்கள் ஊர்க்காரர் நுவரெலியாவில் சறுக்கிப் பழகியவர் என்று டொக்டரிடம் பெருமையாகச் சொன்னார். டொக்டர் என்னைப் பார்த்தார். கடிதம் போச்சு என்று நினைத்தேன். டொக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆமாம், நாங்கள் எல்லோருமே அங்கேதான் பழகினோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கீத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியானால் என்னுடைய விருந்தாளியாகக் கறுப்பில் ஒருமுறை இறங்குங்கள் என்று கையைப் பிடித்தார். டொக்டருக்கு அந்த நிமிடமே முழங்காலில் பழைய நோவு வந்துவிட்டது. கீத் போனபிறகு யன்னலுக்குள் தலையை நீட்டினார். "தம்பி, உம்மட பொய்யைக் காப்பாத்திப் போட்டன். அதுக்காக என்ர காலைக் குடுக்க ஏலாது."

கடைசி நாள்

சீசனின் கடைசி நாள், வந்தவர்கள் போனபின், வேலையாட்கள் எல்லோரும் நீலச் சரிவில் சறுக்கி இறங்க வேண்டும். கீத் அடிவாரத்தில் நின்று இறங்கி வருகிறவர்களுக்குக் கையில் கடிதம் கொடுப்பார். இந்த வழக்கத்தை அன்று காலைதான் எனக்குச் சொன்னார்கள். தடிமன், தலையிடி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

நாற்காலி லிஃப்டில் பீட்டும் நானும் ஒன்றாகப் போனோம். மற்றவர்கள் சறுக்கிப் போய்விட்டார்கள். நீ முதலில் போ என்றேன். நீ மூத்தவன், நீ போ என்றான். இந்த உபசாரம் கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு பீட் ஸ்கீக்கோலைப் பனியில் குத்திவிட்டு, சரிவைப் பார்த்தபடி சொன்னான்: "எங்கள் ஊரில் ஆக உயரமான இடம் தேவாலயக் கோபுரம். அதிலும் நான் ஏறியதில்லை."

பொய் பிடிபடும் என்று ஒரு சீசன் முழுக்க நான் அவனைப் பார்த்துப் பயந்திருக்கிறேன், அவன் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறான். இருவரும் ஸ்கீயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்த்திருக்க, பனியில் குந்தி இருந்த இருப்பிலேயே இழுபட்டு அடிவாரம் வந்து சேர்ந்தோம். காற்சட்டை நனைந்து குளிர் எலும்புக்குள் போனது. வெட்கம் அதைவிட உள்ளே போனது.

கீத் சிரிக்கவில்லை. என் கடிதத்தை உறையிலிருந்து எடுத்து, "தேர்ந்த சறுக்கு வீரர்" என்ற இடத்தைப் பேனாவால் வெட்டி, மேலே "கவனமான ஆள்" என்று எழுதிக் கையில் தந்தார். "போன வருடம் அந்த யன்னலில் நல்லாச் சறுக்கத் தெரிந்த ஒருவனை வைத்தேன்," என்றார். "வந்தவனையெல்லாம் கறுப்புக்கு அனுப்பினான். அடுத்த வருடமும் நீங்கள் இருவருமே வாருங்கள்."

நான் போகவில்லை: நுவரெலியாவில் மலையைக் குடைந்து உண்மையாகப் போட்ட ரோட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மெல்பேர்ன் கந்தோர் ஒன்று, சறுக்கத் தெரியாமல் ஒரு யன்னலுக்குப் பின்னால் இருந்ததற்குக் கிடைத்த அந்தக் கடிதத்தைப் பார்த்ததும், ரோட்டுப் போடுகிற வேலையை எனக்கு எழுந்து நின்று தந்தது.